ஒன்பது பேரில் நான்கு பேர் போனபோது: சத்யம் போர்டும் கோரம் கணக்கும்

2008 டிசம்பர் கடைசியில் ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஐந்து பேர் மிஞ்சியிருந்தார்கள். இரண்டு வாரம் முன்பு வரை ஒன்பது பேர். விலகிய நான்கு பேருமே கம்பெனியின் நிர்வாக வேலையில் இல்லாத வெளியாட்கள். மிஞ்சிய ஐவரில் இரண்டு பேர் அண்ணன் தம்பி: தலைவர் ராமலிங்க ராஜு, நிர்வாக இயக்குநர் ராம ராஜு. அன்றைய சட்டப்படி ஐந்து பேர் உள்ள போர்டு கூட்டம் நடத்த இரண்டு பேர் வந்தால் போதும்.

கடைசி வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். போர்டு முழுதாக இருந்தபோது அண்ணனும் தம்பியும் மட்டும் உட்கார்ந்து கூட்டம் நடத்த முடியாது. ஒன்பது பேருக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்ல வந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தலைகள், மூன்று. நான்கு பேர் ராஜினாமா செய்த பிறகு அது இரண்டாக இறங்கிவிட்டது. போனவர்கள் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறினார்கள். அப்படி வெளியேறியதாலேயே, உள்ளே இருந்தவர்கள் கூட்டம் நடத்தத் தேவையான தலைகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

சத்யம் என்றதும் பொய்க் கணக்கும் கைதும் தண்டனையும்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் பார்க்கப்போவது அதையல்ல. ஒரு போர்டில் பல பேர் அடுத்தடுத்து விலகும்போது கோரம் என்ன ஆகிறது, மிஞ்சியவர்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை மட்டும் இந்த ஒரு நிகழ்வை வைத்துப் பார்க்கிறேன். சட்டசபைத் தமிழில் குறைவெண் என்று சொல்வார்கள். கம்பெனியிலும் சங்கத்திலும் எல்லோரும் சொல்வது கோரம்தான். அதனால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது என்ன

2008 டிசம்பர் 16. ராஜு குடும்பத்தோடு தொடர்புள்ள மேட்டாஸ் பிராபர்ட்டீஸ் நிறுவனத்தை முழுசாகவும், மேட்டாஸ் இன்ஃப்ராவில் 51 சதவீதத்தையும் வாங்கச் சத்யம் போர்டு ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் 160 கோடி டாலர். முதலீட்டாளர்கள் கொதித்துப்போனார்கள். நியூயார்க் சந்தையில் சத்யம் பங்கு ஒரே நாளில் பாதிக்கும் மேல் விழுந்தது. சில மணி நேரத்திலேயே திட்டத்தைக் கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது.

அந்தக் கூட்டத்தில் கோரக் குறைபாடு எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சொந்த நலன் கலந்த விஷயத்தில் சம்பந்தப்பட்ட இயக்குநர் ஓட்டுப் போடக் கூடாது, அந்த விஷயத்துக்குக் கோரத்திலும் அவரை எண்ணக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 300-ஆம் பிரிவு சொன்னது. ராஜு சகோதரர்களைக் கழித்தாலும் ஏழு பேர் மிச்சம். தேவை மூன்று. எண்ணிக்கைப்படி எந்தக் குறையும் சொல்ல முடியாத போர்டுதான் அந்த முடிவை எடுத்தது.

அப்புறம் ராஜினாமாக்கள் ஆரம்பித்தன. முதலில் மங்களம் சீனிவாசன். மாதம் முடிவதற்குள் இன்னும் மூன்று பேர்: பென்டியம் சிப்போடு பெயர் சேர்த்துப் பேசப்படும் வினோத் தாம், ஹார்வர்ட் பேராசிரியர் கிருஷ்ணா பலேபு, ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன் எம். ராம்மோகன் ராவ். பங்குகளைத் திரும்ப வாங்குவது பற்றிப் பேச டிசம்பர் 29-க்கு வைத்திருந்த போர்டு கூட்டத்தை ஜனவரி 10-க்குத் தள்ளி வைத்திருந்தார்கள்.

அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. ஜனவரி 7 காலையில் ராமலிங்க ராஜுவின் கடிதம் போர்டுக்குப் போனது, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபிக்கும் பங்குச் சந்தைகளுக்கும் நகல் போனது. கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே எழுதியிருந்தார்.

மூன்றில் ஒரு பங்கு. எதில்?

1956-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 287-ஆம் பிரிவு கோரத்துக்கு வைத்த அளவு இது: மொத்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது இரண்டு பேர், எது அதிகமோ அது. மூன்றால் வகுக்கும்போது பின்னம் வந்தால் மேலே கூட்டி முழு எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி தன் அமைப்பு விதிகளில் இதைவிட அதிகமாக வைத்துக்கொள்ளலாம், குறைக்க முடியாது.

முக்கியமான சொல் "மொத்த பலம்". சாதாரணமாகப் படிக்கிறவர் போர்டில் எத்தனை நாற்காலியோ அத்தனை என்றுதான் எடுத்துக்கொள்வார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காலியாக இருக்கும் இடங்களைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் மொத்த பலம் என்று அதே பிரிவு விளக்கம் கொடுத்துவிட்டது. அதன் இடத்தில் வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 174-ஆம் பிரிவிலும் இதே விளக்கம் தொடர்கிறது.

இதைப் படிக்கட்டு மாதிரி இறங்கிப் பாருங்கள். ஒன்பது பேர் இருந்தால் கோரம் மூன்று. எட்டு, ஏழு பேர் இருந்தாலும் மூன்றுதான், பின்னம் மேலே ஏறுவதால். ஆறாக இறங்கியதும் இரண்டு. ஐந்து, நான்கு, மூன்று, ஏன், இரண்டு பேர் மட்டும் இருந்தாலும் இரண்டேதான். ஒருவர் மட்டும் மிஞ்சும்போதுதான் முதல்முறையாகக் கோரம் உடைகிறது. ஒன்பது பேரில் ஏழு பேர் போன பிறகும், மிஞ்சிய இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தால் கூட்டம் செல்லும்.

சட்டம் ஏன் இப்படி வைத்தது என்பது புரியாததல்ல. ஒரு கம்பெனியில் சம்பளம் போட வேண்டும், வங்கிக்குக் கையெழுத்து வேண்டும், வரி கட்ட வேண்டும். இயக்குநர் இறந்துபோவார், உடம்பு முடியாமல் விலகுவார். ஒவ்வொரு தடவையும் போர்டு செத்துப்போனால் தொழில் நடக்காது. அதனால் எண்ணிக்கை குறைந்தால் தேவையும் குறையட்டும் என்று விட்டார்கள். இயல்பான காலத்துக்கு இது நியாயமான ஏற்பாடு. கோபத்தினாலோ பயத்தினாலோ ஒரே வாரத்தில் பல பேர் கிளம்பும் காலத்துக்கு இது பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. சத்யத்தைப் பார்த்த பிறகு என் பதில், பொருந்தவில்லை.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 7 வரை

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

மிஞ்சியவர்கள் ஐந்து பேர். ராஜு சகோதரர்கள் இருவர், முழுநேர இயக்குநர் ராம் மைனம்பதி, நிர்வாகத்தோடும் உரிமையாளர்களோடும் தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்களாக டி.ஆர். பிரசாத்தும் வி.எஸ். ராஜுவும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கோரம் இரண்டு. எல்லா இயக்குநர்களுக்கும் முறைப்படி நோட்டீஸ் அனுப்பிவிட்டு, சகோதரர்கள் இருவரும் மட்டும் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால், சொந்த நலன் கலக்காத எந்த விஷயத்திலும் அந்தக் கூட்டத்தின் தீர்மானத்துக்குக் கோரக் குறைவு என்று ஆட்சேபணை சொல்ல முடியாது. அப்படி ஒரு கூட்டம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடத்தியிருக்க முடியும் என்பதே எனக்குப் போதுமான அதிர்ச்சி. கணக்கில் 5,040 கோடி இல்லை என்று அறிந்த மனிதரின் கையில் அந்தச் சில நாட்கள் இந்த வசதி இருந்தது.

வேறு வேலி எதுவும் இல்லையா என்றால், இருந்தது. பட்டியலிட்ட கம்பெனிகள் பங்குச் சந்தையோடு செய்துகொண்ட அன்றைய லிஸ்டிங் ஒப்பந்தத்தின் 49-ஆம் ஷரத்துப்படி, தலைவரே நிர்வாகப் பொறுப்பிலும் இருந்தால் போர்டில் பாதிப் பேராவது சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும். ஐந்தில் இரண்டு பேர் என்பது பாதிக்குக் கீழே. ஆனால் விலகிய சுயேச்சை இயக்குநரின் இடத்தை நிரப்ப அதே ஷரத்து 180 நாள் அவகாசமும் கொடுத்திருந்தது. ஆக, போர்டின் அமைப்பு குறையோடு இருந்தாலும், அதைச் சரிசெய்ய ஆறு மாதம் இருந்தது. கூட்டம் போடுவதற்கு அது தடையாகவும் இல்லை. கோரம் ஒரு விதி, போர்டின் அமைப்பு இன்னொரு விதி. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

தணிக்கைக் குழுவில் மட்டும் நிலைமை வேறு. அந்தக் குழு கூட வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு சுயேச்சை இயக்குநர்கள் நேரில் இருக்க வேண்டும் என்று அதே 49-ஆம் ஷரத்து வைத்திருந்தது. மொத்தமே இரண்டு சுயேச்சை இயக்குநர்கள்தான் மிச்சம். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தணிக்கைக் குழு கூட முடியாது. கணக்கைப் பார்க்க வேண்டிய குழு ஒரு நூலில் தொங்கியது. காசோலையும் கடனும் தீர்மானமும் போகும் போர்டோ தாராளமாகக் கூடலாம். விலகியவர்களில் யாராவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் ராஜினாமாக் கடிதத்தில் வேறு தேதி போட்டிருப்பார்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஒரு கடிதம், மூன்று பேரா ஐந்து பேரா

ஜனவரி 7 கடிதத்தில் பலரும் பேசாமல் விட்ட ஒரு இடம் இருக்கிறது. ராமலிங்க ராஜு தலைவர் பதவியை ராஜினாமா செய்வதாகச் சொல்கிறார். கூடவே, போர்டை விரிவாக்கும் வரை மட்டும் அந்தப் பொறுப்பில் தொடர்வதாகவும், தான் தொடர்வதே போர்டில் ஆள் சேர்ப்பதற்காகத்தான் என்றும் சொல்கிறார்.

அப்படியானால் அன்று மாலை போர்டில் எத்தனை பேர்? அண்ணன், தம்பி இருவருமே உடனே விலகிவிட்டார்கள் என்றால் மூன்று பேர். போர்டு விரிவடையும் வரை அண்ணன் தொடர்கிறார் என்றால் நான்கு, தம்பியும் தொடர்கிறார் என்றால் ஐந்து. கோரம் என்னவோ எல்லா விதத்திலும் இரண்டுதான். ஆனால் யார் அந்த இரண்டு பேராக இருக்கலாம் என்பது மாறுகிறது. மோசடியை ஒப்புக்கொண்டவரைக் கோரத்தில் எண்ணலாமா? புதிய இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் தீர்மானத்தில் அவர் கை தூக்கலாமா?

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயக்குநர் ராஜினாமாவுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. அமைப்பு விதிகளையும் கடிதத்தின் வாசகத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு இதைத் தெளிவாக்கியது: கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், அல்லது கடிதத்தில் குறிப்பிட்ட நாள், எது பிந்தியதோ அன்று ராஜினாமா அமலாகும். "போர்டு விரிவடையும் வரை" என்பது நாள் அல்ல. இன்று ஒருவர் அப்படி எழுதினால், அது எப்போது அமலாகிறது என்று கேட்டு ஒரு வழக்கே நடத்தலாம். தேதி இல்லாத ராஜினாமா, மிஞ்சியவர்களின் ஒவ்வொரு தீர்மானத்தின் மேலும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போகிறது.

மூன்று பேர் என்றே வைத்துக்கொள்வோம். பொது நிறுவனத்துக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இயக்குநர் எண்ணிக்கையும் சரியாக மூன்று. ஆகச் சட்டத்தின் கண்ணில் அந்தப் போர்டு முழுமையானது. கூட்டம் போடலாம், கூடுதல் இயக்குநர்களை நியமிக்கலாம், புதிய தலைமை அதிகாரியை வைக்கலாம். அவர்களில் இன்னும் ஒருவர் போயிருந்தால் குறைந்தபட்ச எண்ணிக்கை உடைந்திருக்கும், கோரம் உடைந்திருக்காது. ஒரே ஒருவர் மிஞ்சும் நிலை வந்தால்தான் இன்னொரு விதி வேலை செய்யும்: கோரத்துக்குக் கீழே போன போர்டில் மிஞ்சியவர் இரண்டே காரியம் செய்யலாம். கோரத்துக்கு வேண்டிய ஆளைச் சேர்க்கலாம், அல்லது பங்குதாரர் பொதுக்கூட்டத்தைக் கூட்டலாம். வேறு எதற்கும் அதிகாரம் இல்லை. அன்று இந்த விதி, சட்டம் கம்பெனிகளுக்கு முன்மாதிரியாகக் கொடுத்த அமைப்பு விதிகளில் 75-ஆவதாக இருந்தது, இன்று 174-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு.

இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. வீடு இடிந்தாலும் கதவைத் திறந்து வெளியே வர ஒரு சாவி கொடுத்துவிடுகிறது, அந்தச் சாவியால் பீரோவைத் திறக்க முடியாது. கோரம் பற்றிப் பேசும் சங்க விதிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த ஒரு வரிதான்.

அரசு உள்ளே வந்தது

சத்யத்தில் மத்திய அரசு அந்த மூன்று பேர் ஆள் சேர்க்கும் வரை காத்திருக்கவில்லை. ஜனவரி 9 அன்று கம்பெனி சட்ட வாரியத்துக்குப் போனது. நிர்வாகச் சீர்கேடு பற்றிய 397, 398 உள்ளிட்ட பிரிவுகளின் கீழ், இருந்த இயக்குநர்கள் இனி செயல்படக் கூடாது என்றும், பத்து பேர் வரை கொண்ட புதிய போர்டை அரசு அமைக்கலாம் என்றும் வாரியம் அன்றே உத்தரவிட்டது. ராஜு சகோதரர்கள் அன்றிரவு கைதானார்கள்.

ஜனவரி 11 ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரின் பெயர் வந்தது: தீபக் பரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன். மறுநாளே ஹைதராபாத்தில் கூடினார்கள். அந்த வாரமே இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள்: தருண் தாஸ், எஸ்.பி. மைனக், சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் டி.என். மனோகரன். பிறகு கார்னிக் தலைவரானார். ஏப்ரல் 13 அன்று ஏலத்தில் பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் கொடுத்து டெக் மஹிந்திரா தரப்பு வென்றது. போர்டு கலைந்த நாளிலிருந்து எண்ணினால் மூன்று மாதம் சொச்சம். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த கம்பெனி மூழ்காமல் கரை சேர்ந்தது.

ஜனவரி 8 அன்று இருந்த மூன்று பேர் போர்டுக்கும் கோரம் இரண்டு. ஜனவரி 12 அன்று கூடிய மூன்று பேர் போர்டுக்கும் கோரம் இரண்டு. ஒன்றை வாடிக்கையாளரும் வங்கியும் ஊழியரும் நம்பத் தயாராக இல்லை, மற்றொன்றை நம்பினார்கள். பழைய மூவரும் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இத்தனை வருடப் பொய்க் கணக்கு நடந்தபோது உட்கார்ந்திருந்த போர்டின் மிச்சம் அது, டிசம்பர் 16 முடிவை எடுத்த போர்டின் மிச்சமும் அதுவே. அவர்கள் கூப்பிட்டிருந்தால் பரேக் போன்றவர்கள் வந்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம். அந்த வகையில் அரசு தலையிட்டது சரி என்றே நினைக்கிறேன். 2018 அக்டோபரில், கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறிய ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிதி நிறுவன விவகாரத்திலும் இதே வழியைத்தான் எடுத்தார்கள். அங்கே தீர்ப்பாயத்தின் அனுமதியோடு வந்த புதிய போர்டுக்குத் தலைவர் உதய் கோடக்.

கோரம் சுருங்காமல் இருந்திருந்தால்

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். காலியிடத்தைக் கழிக்காமல், இத்தனை பேர் வந்தே ஆக வேண்டும் என்று நிலையான எண் வைத்தால் என்ன ஆகும்?

இந்தியப் போட்டி ஆணையத்தின் சட்டத்தில் கூட்டத்துக்கு மூன்று உறுப்பினர் கோரம் என்று நேரடியாக எழுதியிருக்கிறது. 2022 அக்டோபரில் தலைவர் அசோக் குமார் குப்தா ஓய்வு பெற்றதும் மிஞ்சியது இரண்டு பேர். ராஜினாமா அல்ல, ஓய்வு. விளைவு ஒன்றுதான்: கம்பெனி இணைப்புகளுக்கு ஒப்புதல் கொடுக்க ஆணையம் கூட முடியவில்லை. 210 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்றும் அன்றைய சட்டத்தில் இருந்தது. அதாவது கோரம் இல்லை என்று சும்மா இருந்தால், கோப்பைத் திறக்காமலேயே ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடும். கடைசியில் 2023 பிப்ரவரியில், வேறு வழியே இல்லாதபோது சட்டத்தின் குறையை மீறிச் செயல்படலாம் என்ற தேவைக் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு இருவரும் இணைப்பு மனுக்களைப் பரிசீலிக்க ஆரம்பித்தார்கள். புதிய தலைவராக ரவ்நீத் கவுர் வந்தது மே மாதம்தான்.

அமெரிக்காவின் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதே இக்கட்டை வேறு மாதிரி கையாண்டது. ஐந்து இடம், கோரம் மூன்று. 2017 தொடக்கத்தில் ஏற்கெனவே இரண்டு இடம் காலி. தலைவர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்ட நார்மன் பே, பிப்ரவரி 3 முதல் விலகுவதாக அறிவித்துவிட்டார். கையில் தேதி இருந்தது. அந்தக் கடைசி நாளிலேயே மூன்று பேரும் சேர்ந்து, அன்றாடக் கட்டண மனுக்கள் முதலான சில அதிகாரங்களை ஊழியர்களிடம் ஒப்படைத்து உத்தரவு போட்டார்கள். நிலுவையில் இருந்த சில பெரிய எரிவாயுக் குழாய்த் திட்டங்களுக்கும் அந்த நாட்களிலேயே ஒப்புதல் கொடுத்தார்கள். அதன் பிறகு ஆகஸ்ட் வரை கோரம் இல்லை. புதிய பெரிய திட்டங்கள் நின்றன, அன்றாட வேலை நிற்கவில்லை.

இரண்டையும் சத்யத்தோடு வைத்துப் பார்த்தால் நிலையான எண் முடக்கிவிடுகிறது, சுருங்கும் எண் சிலரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது. முடங்கினால் வெளியே எல்லோருக்கும் தெரியும், யாராவது வந்து ஆள் போடுவார்கள். சிலர் கையில் குவிவது வெளியே தெரியாது. அதனால் பொதுமக்கள் பணம் இருக்கும் இடத்தில் முடக்கமே மேல் என்பது என் கட்சி.

பட்டியலிட்ட பெரிய கம்பெனிகளுக்குச் செபி ஏறக்குறைய அந்தப் பக்கமே நகர்ந்திருக்கிறது. உதய் கோடக் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2019 ஏப்ரல் முதல் முன்னணி 1,000 கம்பெனிகளுக்கும், 2020 ஏப்ரல் முதல் முன்னணி 2,000 கம்பெனிகளுக்கும் கோரம் இப்படி: மூன்றில் ஒரு பங்கு, அல்லது மூன்று பேர், எது அதிகமோ அது, அதில் ஒருவராவது சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும். 2008 டிசம்பர் கடைசியின் சத்யம் போர்டை இந்த விதியில் நிறுத்திப் பாருங்கள். ஐந்து பேருக்குக் கோரம் மூன்று. சகோதரர்கள் இருவர் போதாது. மைனம்பதியைச் சேர்த்து மூன்று பேர் வந்தாலும் போதாது, சுயேச்சை இயக்குநர் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். எந்த ஓட்டையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோமோ அது அடைபட்டது. பட்டியலிடாத கம்பெனிகளுக்கு அந்த ஓட்டை இன்னும் திறந்தே கிடக்கிறது.

நம் சங்கங்களுக்கு இதில் என்ன

கம்பெனி விவகாரம் நமக்கெதற்கு என்று நினைக்கிறவர்கள் தங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அல்லது அறக்கட்டளையின் விதிப் புத்தகத்தை எடுத்து, கோரம் என்ற இடத்தைத் திறக்கட்டும். மூன்று விதமான வாசகத்தில் ஒன்று இருக்கும். "மொத்த உறுப்பினரில் பாதி", "ஆறு உறுப்பினர்கள்", "அப்போது பதவியில் இருக்கும் உறுப்பினரில் பாதி".

11 பேர் செயற்குழுவில் ஆறு பேர் ஒரே ராத்திரியில் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மாலை அடித்தளக் கூட்ட அறையில் ஐந்து பேர். மேஜையில் வருகைப் பதிவேடு திறந்திருக்கிறது, பேனா மூடியைக் கழற்றியாகிவிட்டது. "ஆறு உறுப்பினர்கள்" என்று விதி இருந்தால் அந்த ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போகலாம், லிஃப்ட் ரிப்பேருக்குக் காசோலை கொடுக்கக்கூட முடியாது. "பதவியில் இருக்கும் உறுப்பினரில் பாதி" என்றால் மூன்று பேரே கோடி ரூபாய் பராமரிப்பு நிதியை வேறு வங்கிக்கு மாற்றித் தீர்மானம் போடலாம். "மொத்த உறுப்பினர்" என்று மட்டும் எழுதியிருந்தால் காலியிடத்தைச் சேர்ப்பதா கழிப்பதா என்று சண்டை ஆரம்பிக்கும். இரு தரப்பும் தங்கள் அர்த்தத்தை நம்பியே பேசுவார்கள். நல்ல நாளில் யாரும் இந்த வரியைப் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

என்னைக் கேட்டால் விதியில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: கோரத்தைப் பதவியில் இருப்பவர்களை வைத்தே கணக்கிடலாம், ஆனால் இத்தனை பேருக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரை எண் வேண்டும். அந்தத் தரைக்குக் கீழே போனால், மிஞ்சியவர்கள் காலியிடத்தை நிரப்பவோ பொதுக்குழுவைக் கூட்டவோ மட்டும் செய்யலாம். அதோடு தவிர்க்க முடியாத மின்கட்டணம், சம்பளம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது.

விலக நினைப்பவர்களுக்கும் ஒன்று. கோபத்தில் எழுதும் கடிதத்தில் "உடனடியாக" என்று போடாதீர்கள். சட்டம் தேதி போட உங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இன்னும் பதவியில் இருக்கும்போதே ஒரு கூட்டத்தைக் கேளுங்கள், உங்கள் ஆட்சேபணையைக் குறிப்பேட்டில் எழுதவையுங்கள், உங்கள் இடத்துக்கு யார் என்பதைப் பேசிவிடுங்கள். "அடுத்த செயற்குழுக் கூட்டம் முடியும்போது, அல்லது இந்த மாதம் 30-ஆம் தேதி, எது முந்தியதோ அன்று முதல் என் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.